இன்னும் பறக்கிற பொம்மர்கள்

வேலைக்கு எடுப்பதற்கு முன் அந்தக் கிழவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

அவருடைய மகள் அதற்கு முதல் அரைமணி நேரமாக என்னைக் குடைந்து முடித்திருந்தாள். இத்தாலியில் தங்குகிற பெர்மெசோ இருக்கிறதா, அது எந்த மாதம் முடிகிறது, சமைப்பேனா, ஊசி போடத் தெரியுமா, ஆளைத் தூக்கிக் குளிக்க வார்க்கிற அளவுக்கு முதுகு நல்லாயிருக்கிறதா என்று எல்லாம் கேட்டாள். அவளுக்கு வேலை மிலானில். தகப்பனைப் பலேர்மோவில், போர்கோ வெக்கியோவின் நாலாம் மாடி வீட்டில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அன்று பின்னேரமே பிளேன் ஏறவேண்டும். தகப்பன் அதுவரை வாயே திறக்கவில்லை. நான் எழும்புகிற நேரத்தில்தான் கையைக் காட்டி என்னை மறித்தார்.

"உன்ரை தலைக்கு மேலை எப்பவாவது குண்டு போட்டிருக்கினமோ?"

"பாப்பா!" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

எனக்குப் பதற்றத்தில் "ஓம்" என்றுதான் வந்தது. பிறகு அதை இத்தாலியனில் திருத்திச் சொன்னேன்.

"எந்தப் பிளேனாலை?"

இதென்னடா கேள்வி. ஒன்றா இரண்டா? நான் பிறந்தது ஊர்காவற்றுறையில், வளர்ந்தது பாதி நேரம் பங்கருக்குள். விரல்விட்டுச் சொன்னேன். முதலில் ஹெலி. பிறகு சகடை என்று நாங்கள் பேர் வைத்த பிளேன். அது மேட்டில் ஏறுகிற பழைய லொறி மாதிரி முனகிக்கொண்டு வரும், ஓடி ஒளிய நேரம் தரும். பிறகு பொம்மர், அது குத்தென்று இறங்கும். கடைசியில் கிபீர் ஜெட். அதன் சத்தம் கேட்கும்போது அது போய்விட்டிருக்கும், நீங்கள் இருந்தால் கும்பிடலாம். சகடை ஒருநாள் எங்கள் பக்கம் பீப்பாய் நிறைய மலத்தைப் போட்டுவிட்டுப் போனதையும், ஒழுங்கை முழுக்க மூன்று நாள் கழுவியதையும் சேர்த்துச் சொன்னேன்.

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருமல் வந்து, கண்ணீர் வந்து, மகள் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். "இவள்தான்" என்றார். "இவளை விடாதை."

அவர் பேசியது பலேர்மோப் பேச்சு. அது என் காதில் எப்போதும் யாழ்ப்பாணத்துப் பேச்சாகத்தான் விழும். ஆகவே விழுந்தபடியே எழுதுகிறேன். நான் அவரை மரியாதைக்குச் சின்யோரே என்பேன். மனதுக்குள் பொல்லாத கிழவன் என்பேன்.

சின்யோரேயிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பொம்மர்களில் இன்றைக்கும் எழும்பிப் பறக்கக்கூடியவை எவை, எங்கே நிற்கின்றன, யார் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. காலையில் கோப்பி குடித்ததும் மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டைத் திறந்து தேடுவார். ஊரில் எங்கள் ஆட்கள் றேடியோவில் மரண அறிவித்தல் கேட்கிற அதே முகம். நான் மருந்து கொண்டுபோனால், "இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை" என்று ஏமாற்றத்தோடு சொல்வார்.

விசயம் இதுதான். அவருக்கு எண்பத்தெட்டு வயது. ஐந்து வயதில், அமெரிக்காக்காரர் துறைமுகத்துக்கு அடித்த குண்டுகளில் ஒன்று வழிதவறி அவர்களுடைய வீட்டின் பாதியைக் கொண்டுபோனது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. போனது ஒரு மெத்தையும் இரண்டு கோழியும். ஆனால் குண்டு விழுந்த நேரம் தாய் அவரை மேசைக்குக் கீழே இழுத்து, தலையை நிலத்தோடு அமத்திப் பிடித்துவிட்டாள். சத்தம் கேட்டார், தூசி தின்றார், கோழி பறந்ததைக்கூடப் பார்த்தார். பிளேனைப் பார்க்கவில்லை.

"என்ரை வீட்டை உடைச்சவன்ரை முகம் எனக்குத் தெரியாது" என்பார். "எண்பது வருசத்துக்கு மேலை தெரியாமல் இருக்கிறன். இது ஒரு மனுசனுக்கு வெக்கமில்லையோ?"

ஆகவே அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, கடைசிப் பொம்மர் பறக்கிறதை நிறுத்திய பிறகுதான் சாவது. அது நடக்காது என்று அவருக்கே தெரியும். மற்றது, செத்துப்போக முதல் ஒரு பொம்மரை, மியூசியத்தில் செத்துக் கிடக்கிறதை அல்ல, உயிரோடு தலைக்கு மேலே பறக்கிறதை, நிமிர்ந்து நின்று கண்ணால் பார்ப்பது. பார்த்து, ஒரு கையை மடக்கி, மற்றக் கையால் முழங்கை மடிப்பில் பளாரென்று அடித்து, முட்டியை மேலே தூக்கிக் காட்டுவது. அதன் அர்த்தத்தை நான் எழுதமாட்டேன். எங்கள் பங்குச் சுவாமி தமிழ் வாசிப்பார்.

நாளடைவில் எனக்கும் அந்தக் கொப்பி பாடமாகிவிட்டது. லங்காஸ்டர் என்கிற இங்கிலாந்துப் பொம்மரை ஏழாயிரத்துக்கு மேல் செய்தார்களாம். இன்று பறப்பது இரண்டே இரண்டு. ஒன்று இங்கிலாந்தில், மற்றது கனடாவில். கனடாக்காரனை ஒரு ஊரில் நினைவுச்சின்னமாகத் தூண் மேலே ஏற்றி வைத்திருந்தார்களாம். யாரோ விசர் பிடித்தவர்கள் இறக்கி, வருசக்கணக்காகத் திருத்தி, மறுபடி பறக்கவிட்டார்கள். அமெரிக்காக்காரனின் பி-29, எல்லாவற்றிலும் பெரியது, அதிலும் இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்று பாலைவனத்தில் சுட்டுப் பழகுகிற இலக்காக நின்றதாம். இவ்வளவு சூடு வாங்கியும் சாகவில்லை. பி-17 என்கிற நாலு எஞ்சின்காரன்தான் இவருடைய சொந்த எதிரி. அது இன்னும் ஒரு கை எண்ணிக்கையில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அவற்றின் இறக்கைப் பொருத்தில் பழுது இருக்கலாம், சோதிக்கும்வரை பறக்கவேண்டாம் என்று சொன்ன நாளில் சின்யோரே மார்சாலா வைன் திறந்து எனக்கும் ஊற்றித் தந்தார்.

"உங்கடை இத்தாலிப் பொம்மர் எத்தினை பறக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. எல்லாம் மியூசியத்திலை" என்றார். "நாங்கள் ஒண்டையும் ஒழுங்காகப் பராமரிக்கிறதில்லை. இந்த வீட்டு லிஃப்டைப் பார்."

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஆயிரக்கணக்கில் செய்ததில் ஏன் இந்தச் சிலது மட்டும் தப்பியது? போர் முடிந்ததும் மற்றவற்றை உடைத்து இரும்புக்கு விற்றுவிட்டார்கள். தப்பியவை வேறு வேலைக்குப் போனவை. ஒன்று காட்டுத்தீக்குத் தண்ணீர் ஊற்றப் போனது. ஒன்று வயலுக்கு மருந்தடித்தது. தென்னமெரிக்காவில் சிலது மலைக்கு மேலாக மாட்டிறைச்சி ஏற்றியது. சிலது படத்தில் நடித்தது. இதைக் கேட்டபோது எங்களைத்தான் நினைத்தேன். ஊரில் நான் பாலர் பாடசாலை ரீச்சர். என் மனுசன் கணக்கில் கெட்டிக்காரன், இங்கே வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்து உணவகத்தில் கணவாய் கழுவுகிறார். கிடைத்த வேலையைச் செய்தவர்கள்தான் தப்பினோம். பொம்மர்மேல் பரிதாபப்படுவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பரிதாபம் வேறு, பயம் வேறு. அதையும் சொல்லிவிடவேண்டும். பலேர்மோவுக்கு வந்த முதல் கோடையில், போர்கோ வெக்கியோச் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டு நின்றேன். மலையில் நெருப்பு. அதை அணைக்கிற மஞ்சள் பிளேன் கடலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு தாழப் பறந்து வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தக்காளிக்கு மேலே குப்புறக் கிடக்கிறேன், மீன்காரன் நான் மயங்கிவிட்டேன் என்று மீன் வாளித் தண்ணீரை என் முகத்தில் ஊற்றுகிறான். வீட்டுக்கு மத்தி மீனாக மணத்துக்கொண்டு போனேன். இருபது வருசத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன கோடைக்கு முதல் ஒரு காலை சின்யோரே டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். நடக்கிற தடி இல்லாமல் வந்தார். அதிலேயே பெரிய விசயம் என்று விளங்கியது. "வாறான்!" என்றார்.

பலேர்மோக் கடலுக்கு மேலே வான் சாகசக் கண்காட்சி. புதுப் பிளேன்களோடு பழைய பொம்மர் ஒன்றும் வடக்கேயிருந்து வருகிறது. சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. இரண்டு நாளும் மத்தியானத்துக்குக் கிட்ட, துறைமுகத்துக்கு மேலாக ஒருமுறை தாழப் பறக்கும்.

"பி-17 ஓ?"

"பி-25. ரெண்டு எஞ்சின்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அவன்ரை தம்பி. பரவாயில்லை, அண்ணனுக்குச் சொல்லுவான்."

அதன்பிறகு வீட்டில் கலியாண ஆயத்தம்தான். வெள்ளைச் சேர்ட் இரண்டு முறை அயன் பண்ணவைத்தார், முதல் முறை கொலர் சரியில்லையாம். டையைத் தேடி அலுமாரியைக் குடல் உருவினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தக் கைவேலையை நாளுக்குப் பத்துத் தடவை பழகினார். தோள்மூட்டு வீங்கிவிட்டது. நான் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே ஏசினேன். "உந்த வயசிலை உமக்கு உது தேவையோ?" என்று தமிழில்தான். அவருக்கு விளங்கியிருக்கும், ஏச்சு எல்லாப் பாசையிலும் ஒரே சத்தம்தானே.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவரைப் பல்கனியில் நிறுத்தினேன். கதிரை போட்டிருந்தும் உட்கார மறுத்தார். சுற்றிவர எல்லாப் பல்கனிகளிலும் சனம். துறைமுகத்தில் நாப்போலி போகிற கப்பல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் அவருக்குப் பின்னால் தண்ணீரும் மாத்திரையுமாக நின்றேன்.

பிறகு அது கேட்டது. தூரத்தில், கனமாக, இரண்டு எஞ்சின்.

இது கண்காட்சி என்று என் மூளை சொன்னது. சத்தியமாகச் சொன்னது. என் கால்கள் மூளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே, குப்புற, என் கைக்குக் கீழே சின்யோரேயின் மொட்டைத்தலை. எழுபது கிலோ ஆளை எப்படி இழுத்தேன், வாசற்படியை எப்படித் தாண்டினேன், அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம். அவருடைய பெயரைத்தான் வாய்விட்டுக் கத்திக்கொண்டும் இருந்தேன். எஞ்சின் சத்தம் கூரையை உரசிக்கொண்டு போய்க் கடலுக்குள் இறங்கியது.

பிறகு தெரு முழுக்கக் கைதட்டல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பொம்மர் போனபிறகு ஒருவரும் கைதட்டியதில்லை.

சின்யோரே கொஞ்ச நேரம் அசையவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு, டை காதுக்குப் பின்னால் போயிருக்க, மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அண்டைக்கு அம்மா" என்றார். "இண்டைக்கு நீ."

அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எழுதக்கூடியதல்ல. மத்தியானம் நான் வைத்த பாஸ்தாவைத் தொடவில்லை. மகளுக்குப் போன் எடுத்து, "இந்தப் பொம்பிளை என்னைக் கடத்திப்போட்டாள்" என்று முறையிட்டார். மகள் என்னிடம் போனைத் தரச் சொன்னாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் "நாளைக்கும் வருதெல்லோ?" என்று கேட்டாள். "நாளைக்கு எப்பிடியாவது பார்க்க விடுங்கோ. இன்னொருக்கா உது இந்தப் பக்கம் வராது. வந்தாலும் அப்பா இருக்க மாட்டார்."

குசினிக்குள் போய் அழுதேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அழுகை லேசில் வராது. ஆனால் அன்றைக்கு வெக்கத்தில் அழுதேன். ஒரு மனுசன் ஒரு வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த அரை நிமிசத்தை நான் மேசைக்குக் கீழே கொண்டுபோய்க் கெடுத்துவிட்டேனே.

பின்னேரம் வீட்டுக்குப் போனால் என் மனுசனின் நாடியில் பிளாஸ்ரர்.

"என்னப்பா இது?"

"வழுக்கிப்போட்டுது."

"எங்கை?"

"குசினியிலை." பிளாஸ்ரரைத் தடவிக்கொண்டு, "பதினொண்டே முக்கால் போல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. பிறகு எங்கள் ஆட்களின் போன் குரூப்பைத் திறந்து பார்த்தால், ஐயோ மாதாவே, பலேர்மோவில் இருக்கிற தமிழ்ச் சனம் பாதி அன்று நிலத்தில் கிடந்திருக்கிறது. ஒருவர் பஸ் தரிப்பிடத்து வாங்குக்குக் கீழே. ஒரு அக்கா தான் பார்த்துக்கொள்கிற சின்யோராவைக் குளியல் தொட்டிக்குள் தள்ளித் தானும் மேலே விழுந்திருக்கிறா. கண்காட்சி என்று எல்லாருக்கும் ஒரு கிழமைக்கு முதலே தெரியும், எல்லா மதிலிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஆளுக்காள் முழங்காலைக் காட்டிச் சிரித்தோம். எங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இத்தாலியனில் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பூசையிலிருந்து நேரே சின்யோரே வீட்டுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே வெள்ளைச் சேர்ட்டில், டை கட்டி, பல்கனியில் நின்றார். கையில் அவருடைய குளியல் அங்கியின் இடுப்புக் கயிறு.

"கையை நீட்டு."

"என்னத்துக்கு?"

"கட்டப் போறன்."

"நான் என்ன ஆட்டுக்குட்டியோ?"

"ஆடெண்டால் பயமில்லை. ஆடு ஆளை இழுக்காது."

வேறு நாளென்றால் நல்ல கிழி கிழித்திருப்பேன். அன்றைக்கு நானே வலது கையை நீட்டினேன். அவர் நாற்பது வருடம் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு எறிந்து கட்டின ஆள். எண்பத்தெட்டு வயதில் விரல் நடுங்கினாலும் முடிச்சு நடுங்கவில்லை. என் மணிக்கட்டைப் பல்கனிக் கம்பியோடு சேர்த்து மூன்றே சுற்றில் கட்டிவிட்டுத் திருப்தியாகத் தட்டினார். "சார்தீனியாக் கப்பலே இதிலை நிக்கும்" என்றார்.

பிறகு எனக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி, கையை அரைவாசி மடக்கி ஆயத்தமாக நின்றார். கீழே தெருவில் சனம். கடலில் வெயில். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன்.

சத்தம் வந்தது. என் கால்கள் ஓடின. கயிறு இழுத்து நிறுத்தியது. மறுபடி ஓடின. மறுபடி நிறுத்தியது. முழங்காலில் விழுந்தேன், அதற்குமேல் கீழே போக முடியவில்லை, கை மேலே தொங்கியது. வேறு வழியில்லை, நிமிர்ந்து பார்த்தேன்.

என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பொம்மரை முழுதாகப் பார்த்தேன். ஊரில் ஒரு நாளும் பார்த்ததில்லை, சத்தத்தை வைத்துத்தான் தெரியும். துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலாக வந்தது. வெள்ளி நிறம், வெயில் பட்டு மின்னியது. நான் பயந்திருந்ததைவிடச் சின்னது. மூக்கு முழுக்கக் கண்ணாடி, பின்னால் இரட்டை வால். எங்களுக்கு நேர்மேலே வந்தபோது அதன் வயிறு தெரிந்தது. குண்டு விழுகிற கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கை அசைத்தது போலிருந்தது. எனக்கு என்ன விசர் பிடித்ததோ, கட்டாத கையைத் தூக்கி நானும் அசைத்தேன்.

"பாருங்கோ, சின்யோரே! பாருங்கோ!" என்று கத்தித் திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை.

தடி கீழே கிடந்தது. பல்கனிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே சாப்பாட்டு மேசையின் விரிப்புக்குக் கீழே பளபளப்பாக்கிய இரண்டு சப்பாத்துகளின் அடி தெரிந்தது.

தெரு கைதட்டி முடித்தது. நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். எங்கே அவிழும்? அவிழாது. "சின்யோரே" என்று கூப்பிட்டேன். எனக்குக் கோபம் ஒரு துளியும் வரவில்லை. அந்தச் சப்பாத்துகளைப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. மேசைக்குக் கீழே இருந்தது எண்பத்தெட்டு வயது ஆளில்லை, ஐந்து வயதுப் பிள்ளை. பக்கத்தில் தலையை அமத்திப் பிடிக்கத் தாயும் இல்லை, இன்றைக்கு நானும் இல்லை.

கடைசியில் மேசைக்குக் கீழேயிருந்து சின்னக் குரல் வந்தது.

"போயிட்டானோ?"

"போயிட்டான்."

"நீ பார்த்தனியோ?"

"ஓம். கட்டிப்போட்டால் வேறை என்ன செய்யிறது?"

"எப்பிடி இருந்தான்?"

சொன்னேன். வெள்ளி நிறம் என்றேன், கண்ணாடி மூக்கு என்றேன், இரட்டை வால் என்றேன். நினைத்தளவு பெரிசில்லை என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றார். சப்பாத்துகள் மட்டும் மெல்ல அசைந்தன.

"ஏதாவது போட்டவனோ?" என்று கேட்டார்.

"இல்லை, சின்யோரே" என்றேன். "ஒண்டும் போடேல்லை. சும்மா வந்து சும்மா போயிட்டான். நீங்கள் இனி வெளியிலை வாங்கோ."